எடைக்குறைப்பு ஆபரேஷனுக்கு முன்னாடி வீட்டுல என்னென்ன எடுத்து வெக்கணும்?

மழைக்கிளி:

எல்லாருக்கும் வணக்கம். அடுத்த மாசம் எனக்கு இரைப்பையைச் சின்னதாக்கற ஸ்லீவ் ஆபரேஷன், தேதி முடிவாகிடுச்சு. கொஞ்ச நாளா ராத்திரியெல்லாம் உட்கார்ந்து பட்டியல் போட்டுக்கிட்டிருக்கேன், அது நீண்டுக்கிட்டே போகுது. சாய்வு சோஃபா, சின்னத் தட்டு, சின்ன ஸ்பூன், ப்ரோட்டீன் பவுடர் பெரிய டின், வயித்துக்குக் கட்டுற பெல்ட், வெந்நீர்ப் பை, புதுத் துணி, தலையணை நாலஞ்சு. எல்லாத்தையும் வாங்கினா வீட்டுல நடக்கவே இடம் இருக்காது.

வீட்டுல நானும் அம்மாவும் மட்டும்தான். அம்மாவுக்கு வயசாச்சு, என்னைத் தூக்கி உட்கார வெக்க அவங்களால முடியாது. அதனால நானா எழுந்து, நானா படுத்து, நானா குளிக்கிற மாதிரி ஏற்பாடு பண்ணிக்கணும். ஆஸ்பத்திரியில கொடுத்த தாள்ல சாப்பாட்டு விவரம் நல்லாவே இருக்கு. ஆனா எது எங்க இருக்கணும், ராத்திரி எப்படிப் படுக்கணும், வலிச்சா எது கை கொடுக்கும்ங்கிறதெல்லாம் அதுல இல்ல. ஆபரேஷன் முடிஞ்சவங்க சொல்லுங்க. எது நிஜமாவே உதவுச்சு? எது இல்லாமலே சமாளிச்சிருக்கலாம்?

மெல்லநட:

மழைக்கிளி, நல்லபடியா முடியட்டும். எனக்கும் ஸ்லீவ்தான், ஆகிச் சில வருஷம் ஆச்சு.

பட்டியலைக் கொஞ்சம் ஓரமா வைம்மா. வீட்டுக்கு வந்த முதல் 2 வாரம் உனக்கு வேலை மூணே மூணு: தண்ணி குடிக்கணும், நடக்கணும், தூங்கணும். ஒரு பொருளைக் கையில எடுக்கும்போது இந்த மூணுல எதுக்கு இது உதவும்னு கேளு. பதில் இருந்தா வாங்கு. இல்லேன்னா ஒரு மாசம் கழிச்சுப் பார்த்துக்கலாம்.

மூணுலயும் பெரிய வேலை தண்ணி குடிக்கிறது. கேட்க எளிசா இருக்கும். ஆனா ஸ்லீவ்ல இரைப்பையோட முக்கால் பங்குக்கு மேல எடுத்துடுவாங்க. மிஞ்சறது ஒரு ஒடுங்கின குழாய், அதுவும் முதல் சில வாரம் உள்ளே வீங்கித்தான் இருக்கும். டம்ளரைத் தூக்கி மடமடன்னு குடிக்கிற பழக்கம் அங்க செல்லாது. அப்படிக் குடிச்சா நெஞ்சுக்கு நடுவுல இறுக்கிப் பிடிச்சு, வாயில எச்சில் ஊறி, குடிச்சது அப்படியே வெளிய வரும். ஆனா நாளைக்கு ஒன்றரை லிட்டராவது உள்ள போகணும்னு டாக்டர் சொல்லுவாங்க. டிஸ்சார்ஜ் ஆகிப் போனவங்க திரும்பவும் ஆஸ்பத்திரியில வந்து படுக்கறதுக்கு உடம்புல நீர் வத்திப்போறது ஒரு முக்கியமான காரணம்.

அதுக்கு நீ வாங்க வேண்டியது மருந்து ஊத்திக் குடிக்கிற குட்டிக் கப்பு. அளவுக் கோடு போட்டிருக்கும், 30 மில்லி பிடிக்கும். ஒரு கப்பைக் கால் மணி நேரத்துல கொஞ்சம் கொஞ்சமா நனைச்சு நனைச்சு முடிச்சா மணிக்கு 120 மில்லி. காலையில எழுந்ததுல இருந்து படுக்கற வரைக்கும் 12, 13 மணி நேரம் இதே மாதிரி போனா ஒன்றரை லிட்டர் தானா வந்துடும். தாகம் எடுத்தா குடிக்கலாம்னு இருந்துடாதே, தாகமே சரியாத் தெரியாது. ஃபோன்ல கால் மணிக்கு ஒரு தரம் மணி அடிக்கிற மாதிரி வெச்சுக்கோ. முதல் சில நாள் முழு அளவு வராது, அதுக்குப் பயப்பட வேண்டாம். நாளுக்கு நாள் ஏறுதான்னு பாரு. காலையில கப்பு, தண்ணி, எழுதி வெக்க ஒரு சின்ன நோட்டு, மூணையும் ஒரு தட்டுல வெச்சுக்கிட்டு நீ எங்க உட்கார்றியோ அங்க கொண்டு போ.

தண்ணி எந்தச் சூட்டுல இறங்கும்ங்கிறது ஆளுக்கு ஆள் மாறும். எனக்குக் குளிர்ந்த தண்ணி பட்டாலே பிடிச்சுக்கும், வெதுவெதுப்பா இருந்தா சுலபமாப் போகும். அதனால ஒரு நல்ல ஃபிளாஸ்க் என் கட்டில் பக்கத்துலயே இருந்துச்சு. என் பட்டியல்ல முதல் இடம் அதுக்குத்தான்.

ப்ரோட்டீன் பெரிய டின் மட்டும் வேண்டாம், தயவுசெஞ்சு. ஆபரேஷனுக்கு அப்புறம் நாக்கும் மூக்கும் மாறிடும். இன்னிக்கு நீ ரசிச்சுக் குடிக்கிற சாக்லேட் சுவை அன்னிக்குத் தித்திப்புத் தாங்காமக் குமட்டும். எல்லாருக்கும் இப்படி ஆகறதில்ல, ஆனா நிறையப் பேருக்கு ஆகுது. ஒரு வேளைக்கான சின்னப் பாக்கெட்டா நாலஞ்சு விதம் வாங்கு. அதுல ஒண்ணாவது சுவையே சேர்க்காத பவுடரா இருக்கட்டும், சூப்புல கலக்கலாம். சூப்பு கொதிக்கும்போது போடாதே, திரிஞ்சு கட்டி தட்டிடும். கை பொறுக்கிற சூட்டுக்கு ஆறினதும் கலக்கு.

செம்பருத்தி77:

மெல்லநட அக்கா சொன்னது அத்தனையும் சரி. ஒண்ணு மட்டும் சேர்த்துக்கறேன், எனக்குக் கப்பு ஒத்துவரல. படுக்கையில சாஞ்சிருக்கும்போது கப்பைச் சாய்ச்சா ஒரே வாயில நிறையப் போயிடும். ஸ்ட்ரா போட்ட பாட்டில்தான் எனக்குக் கை கொடுத்துச்சு. ஸ்ட்ராவே கூடாதுன்னு பல இடத்துல எழுதியிருக்காங்க, மழைக்கிளி அதைப் பார்த்துக் குழம்பிடக் கூடாதுன்னுதான் சொல்றேன்.

மெல்லநட:

செம்பருத்தி, எங்க சர்ஜன் ஸ்ட்ரா கண்டிப்பா வேண்டாம்னுட்டார். உறிஞ்சும்போது காத்தும் சேர்ந்து உள்ள போகும், ஏற்கெனவே இருக்கற வாயு வலி கூடும்னு காரணம் சொன்னார். அதான் நான் அந்தப் பக்கமே போகல. யாராவது விவரம் தெரிஞ்சவங்க சொன்னா நல்லது.

இரவுப்பணி:

அறுவை சிகிச்சை வார்டில் நர்ஸாக இருக்கிறேன். ஸ்ட்ரா விஷயத்தில் மருத்துவமனைக்கு மருத்துவமனை வழக்கம் வேறுபடும். காற்று உள்ளே போகும், ஒரே இழுப்பில் அதிகம் குடித்துவிடுவார்கள் என்ற இரண்டு காரணங்களுக்காக முதல் சில வாரம் வேண்டாம் என்பவர்கள் அதிகம். அளவோடு குடிக்க உதவுகிறது என்று அனுமதிப்பவர்களும் இருக்கிறார்கள். உங்கள் சர்ஜன் எதைச் சொல்கிறாரோ அதன்படி செய்யுங்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டால், வாய் ஒடுங்கிய பாட்டிலோ குழந்தைகளுக்கான மூக்கு வைத்த கப்போ சாய்ந்த நிலையில் சிந்தாமல் குடிக்கப் போதும். சோடா, கோலா போல வாயு அடைத்த பானம் மட்டும் எந்த வடிவத்திலும் வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இங்கே வெந்நீர்ப் பையைப் பார்த்தேன். நல்ல பொருள்தான், ஆனால் எதற்கு, எங்கே வைப்பது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். துளை வழியாகச் செய்யும் அறுவையில் வயிற்றுக்குள் கரியமில வாயுவைச் செலுத்தி உப்ப வைப்பார்கள், அப்போதுதான் உள்ளே கருவிகள் நடமாட இடம் கிடைக்கும். முடிந்ததும் வெளியேற்றிவிடுவார்கள். கொஞ்சம் மிஞ்சும். அது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் உதரவிதானத்தை உறுத்தும்போது, அதற்கும் தோளுக்கும் பொதுவான நரம்புப் பாதை வழியாக வலி தோள்பட்டையில் தெரியும். வயிற்றில் அறுத்தார்கள், தோள் ஏன் வலிக்கிறது என்று நோயாளிகள் மிரண்டுபோய்க் கேட்பார்கள். அந்த வலிக்குத்தான் வெந்நீர்ப் பை, தோளின் மேல், துணி சுற்றி. தையல் இருக்கும் இடத்தில் வைக்காதீர்கள். அங்கே தோல் சில நாள் மரத்திருக்கும், சுட்டாலும் தெரியாது. சூட்டைவிட நடைதான் அந்த வாயுவைச் சீக்கிரம் போக்கும். வாயுவுக்கான சிமெதிகோன் சொட்டு மருந்தோ மெல்லும் மாத்திரையோ உங்களுக்குக் கொடுப்பார்களா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

ஆலமரம்:

நான் இரைப்பை பைபாஸ் (இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலோடு இணைக்கும் எடைக்குறைப்பு அறுவை) செய்துகொண்டவன், வயது அறுபதைத் தாண்டியது. படுக்கையைப் பற்றி எழுதுகிறேன், ஏனென்றால் மகளே, நீங்கள் தனியாக எழவேண்டும் என்று சொன்னது என் மனத்தில் தங்கிவிட்டது.

சாய்வு சோஃபா வாங்க வேண்டாம். அதன் பிடியை இழுத்து மடக்கும்போது வயிற்றுத் தசைதான் வேலை செய்யும், முதல் வாரத்தில் அது பெரும் பாடு. வீட்டில் கை வைத்த, உறுதியான, உயரமான நாற்காலி ஒன்று இருந்தால் போதும். தாழ்வான, அமுங்கும் இருக்கை எதிலும் உட்காராதீர்கள். இரண்டு கையாலும் கைப்பிடியை அழுத்தி, முன்னால் சாய்ந்து, காலின் பலத்தில் எழ வேண்டும். இதை இப்போதே ஒரு வாரம் பழகுங்கள். கழிப்பறையிலும் அப்படித்தான்: இருக்கை தாழ்வாக இருந்தால் மேலே பொருத்தும் உயர்த்தி கிடைக்கும், பக்கச் சுவரில் ஒரு பிடி வைத்தால் இன்னும் நல்லது.

கட்டிலில் மல்லாந்து சமமாகப் படுக்க முதலில் முடியாது. முதுகும் தலையும் சேர்ந்து உயரும்படி சரிவான ஒரு தலையணை வேண்டும், முக்கோண வடிவில் கெட்டியான பஞ்சில் விற்பார்கள். சாதாரணத் தலையணைகளை அடுக்கினால் நள்ளிரவில் சரிந்துவிடும், கழுத்து மட்டும் மடங்கி நிற்கும். முழங்காலுக்கு அடியில் இன்னொன்று வைத்தால் வயிற்றின் இழுவிசை குறையும். எழும்போது நேராக எழ முயலக் கூடாது. முதலில் பக்கவாட்டில் உருள வேண்டும், பிறகு இரு கால்களையும் கட்டிலின் விளிம்புக்கு வெளியே இறக்கியபடியே முழங்கையை ஊன்றி எழ வேண்டும். கால்கள் இறங்கும் கனமே உடலைத் தூக்கிவிடும்.

சிறிய, கெட்டியான தலையணை ஒன்றைத் தனியாக ஒதுக்கி வையுங்கள். இருமல், தும்மல், சிரிப்பு எது வந்தாலும் அதை வயிற்றோடு அணைத்துப் பிடித்தால் தையலில் இழுப்பு தெரியாது. மருத்துவமனையிலிருந்து காரில் வரும்போது அதையே வயிற்றுக்கும் சீட் பெல்ட்டுக்கும் நடுவில் வைத்துக்கொள்ளலாம். பயணம் நீண்டதென்றால் மணிக்கு ஒரு முறை இறங்கி நடக்க வேண்டும்.

தூக்கத்தில் மூச்சுத்திணறலுக்கு, முகமூடி வழியாகக் காற்றைச் செலுத்தும் சிபேப் கருவி பயன்படுத்துகிறவர்கள் அதை மருத்துவமனைக்கே எடுத்துச் செல்ல வேண்டும். மயக்க மருந்தும் வலி மருந்தும் உடலில் இருக்கும் முதல் இரவுகளில்தான் அதன் தேவை மிக அதிகம். எடை குறையக் குறைய முகமும் மெலியும், முகமூடி தளர்ந்து காற்று கசியும். அப்போது வேறு அளவு கேட்டு வாங்குங்கள். குறட்டை குறைந்துவிட்டது என்று தானாக நிறுத்திவிடக் கூடாது, மருத்துவர் மறுபடி சோதித்த பிறகே நிறுத்த வேண்டும்.

மழைக்கிளி:

ஐயா, ரொம்ப நன்றி. சோஃபாவைப் பட்டியல்ல இருந்து எடுத்துட்டேன். பக்கவாட்டுல உருண்டு எழறதை இப்பவே பழகிப் பார்க்கறேன்.

வயித்து பெல்ட் வேணுமா? குளிக்கறதுக்கும் துணிக்கும் என்ன பண்ணினீங்க?

செம்பருத்தி77:

பெல்ட்டைச் சர்ஜன் சொன்னா மட்டும் வாங்கு. எனக்குச் சொல்லல, நான் வாங்கவும் இல்ல. துளை வழியாப் பண்ணினா சின்னச் சின்னக் காயம் நாலஞ்சுதான் இருக்கும், வெளியில இருந்து தாங்கிப் பிடிக்க வேண்டிய பெரிய வெட்டு இல்ல. சில பேருக்கு நடக்கும்போது அது தெம்பா இருக்கும்னு சொல்றாங்க. ஆனா இறுக்கமாக் கட்டினா மூச்சை ஆழமா இழுக்க முடியாது, ஆழமா இழுக்கறதுதான் அப்போ முக்கியம். ஆஸ்பத்திரியில மூணு பந்து வெச்ச மூச்சுப் பயிற்சிக் கருவி கொடுப்பாங்க பாரு, அதை மறக்காம வீட்டுக்கு எடுத்துட்டு வா.

துணி: தொப்புள் மட்டத்துல எலாஸ்டிக் வர்ற எதுவும் வேண்டாம், சரியா காயத்து மேலயே உக்காரும். தோள்ல இருந்து தொளதொளன்னு இறங்கற உடை நாலு போதும். முன்னாடி பட்டன் இருந்தா இன்னும் சுலபம். செருப்பு குனியாம மாட்டற மாதிரி. எடை குறைஞ்சதும் போட்டுக்கலாம்னு சின்ன அளவுல துணி வாங்கி வெக்காதே. எந்த மாசம் எந்த அளவுக்கு வருவோம்னு யாராலயும் சொல்ல முடியாது, நடுவுல ஒரு அளவு சில வாரத்துக்கு மேல நிக்காது.

குளியலறைக்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், வழுக்காத விரிப்பு, நீளக் கைப்பிடி வெச்ச ஸ்பாஞ்ச். உட்கார்ந்து குளி. காயத்து மேல தண்ணி வழியலாமா, எப்போ இருந்துன்னு டிஸ்சார்ஜ் பண்ணும்போதே கேட்டுக்கோ. தேய்க்காதே. கிரீம், பவுடர் எதுவும் போடாதே. மெத்துன்னு ஒரு துண்டால ஒத்தி எடுத்தா போதும். தொட்டி நிறையத் தண்ணியில உட்கார்றதும் நீச்சலும் காயம் முழுசா ஆறின அப்புறம்தான்.

தன்னால துடைச்சுக் கழுவிக்க எட்டுமாங்கிற கவலை பல பேருக்கு இருக்கும், வெளிய கேட்க மாட்டாங்க. கைப்பீச்சான் குழாய் இருந்தா ரொம்ப உதவும். இல்லேன்னா கழிப்பறைக்குன்னே நீளக் கைப்பிடி வெச்ச துடைப்பான் கிடைக்கும். இதுல வெட்கப்பட ஒண்ணும் இல்லம்மா.

மாத்திரைப்பெட்டி:

மருந்தகத்தில் வேலை செய்கிறேன். யாரும் மருந்தைப் பற்றிப் பேசவில்லை, அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

முதலில் வீட்டில் ஏற்கெனவே இருக்கும் மருந்துப் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், நாப்ராக்ஸென் போன்ற வலி மாத்திரைகளை அதிலிருந்து எடுத்து அப்புறப்படுத்துங்கள். பைபாஸ் செய்தவர்களுக்கு இவை இணைப்பு இடத்தில் புண்ணை உண்டாக்கும், ஸ்லீவ் செய்தவர்களையும் பெரும்பாலும் தவிர்க்கவே சொல்வார்கள். சளி, காய்ச்சலுக்கான கூட்டு மாத்திரைகளிலும் இவை ஒளிந்திருக்கும், அட்டையைத் திருப்பிப் படியுங்கள். வலிக்கு வழக்கமாகத் தருவது பாராசிட்டமால். திரவமாகவோ கரைத்துக் குடிப்பதாகவோ கிடைத்தால் முதல் வாரங்களில் அதுவே வசதி.

அடுத்து, நீங்கள் ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகள். பெரிய மாத்திரை இறங்காது என்று எல்லாவற்றையும் நசுக்கிவிடக் கூடாது. மெதுவாகக் கரைந்து நாள் முழுக்க வேலை செய்யும்படி தயாரித்த மாத்திரையை நசுக்கினால் முழு அளவும் ஒரே நேரத்தில் உடலில் ஏறும். எதை நசுக்கலாம், எதற்குத் திரவ வடிவம் உண்டு, எதை மாற்ற வேண்டும் என்று அறுவைக்கு முன்பே மருத்துவரிடமும் மருந்தாளுநரிடமும் பட்டியலாகக் கொடுத்துக் கேளுங்கள். சர்க்கரை, இரத்த அழுத்த மருந்து எடுப்பவர்கள் இதில் இரட்டைக் கவனம் கொள்ள வேண்டும். சாப்பாடு திடீரென்று குறைவதால் பழைய அளவே அதிகமாகிவிடும். சர்க்கரை தாழ்ந்து போகலாம், எழுந்து நிற்கும்போது தலை சுற்றலாம். சர்க்கரை பார்க்கும் கருவிக்குப் புதுப் பட்டைகளும் அழுத்தம் பார்க்கும் கருவிக்கு உங்கள் கைக்குப் பொருந்தும் பட்டையும் இருக்கின்றனவா என்று இப்போதே பாருங்கள்.

வைட்டமின் வாழ்நாள் முழுக்க வேண்டும். ஜெல்லி மிட்டாய் போல வருவதில் பெரும்பாலும் இரும்புச் சத்து இருக்காது, தோலில் ஒட்டும் பட்டையை நம்பி இருக்கவும் முடியாது. மென்று தின்பதாகவோ திரவமாகவோ வாங்குங்கள். கால்சியத்தில் சிட்ரேட் வகையைக் கேட்டு வாங்குங்கள், அது உடலில் சேர அமிலம் அவ்வளவாகத் தேவைப்படாது. பொதுவாக நாளொன்றுக்கு 1200 முதல் 1500 மில்லிகிராம் வரை சொல்வார்கள். ஒரே நேரத்தில் 500, 600 மில்லிகிராமுக்கு மேல் உடல் சரியாக ஏற்காது, அதனால் பிரித்துத்தான் எடுக்க வேண்டும். இரும்பு மாத்திரையும் கால்சியமும் ஒன்றையொன்று தடுக்கும், நடுவில் 2 மணி நேரம் விடுங்கள். இத்தனையையும் நினைவில் வைப்பது கடினம், வேளை வேளையாகப் பிரித்த மாத்திரைப் பெட்டி ஒன்றை வாங்கி வாரத்துக்கு ஒருமுறை நிரப்பி வையுங்கள்.

பித்தக்கல் வராமல் தடுக்கும் மாத்திரை, அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை, மலச்சிக்கலுக்கான மருந்து இவையெல்லாம் சிலருக்கு எழுதிக் கொடுப்பார்கள். இரத்தம் உறையாமல் இருக்க வீட்டில் சில வாரம் ஊசி போட்டுக்கொள்ளச் சொல்வதும் உண்டு. அப்படியானால் பயன்படுத்திய ஊசியைப் போட மூடியுள்ள கெட்டியான டப்பா வேண்டும். சீட்டை முன்கூட்டியே வாங்கி மருந்தை அறுவைக்கு முன்பே வீட்டில் சேர்த்துவிட்டால், டிஸ்சார்ஜ் ஆன அன்று வலியோடு கடையில் நிற்க வேண்டியதில்லை.

துணைக்கு_ஒருவன்:

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். என் மனைவிக்கு ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்திருக்காங்க. இங்க சொன்ன சாமான் எல்லாம் இருக்கு. ஆனா அவங்க திடீர் திடீர்னு அழறாங்க. நான் சமைச்சா வாசனை பிடிக்கலைன்னு கதவைச் சாத்திக்கறாங்க. ஏன் இதைப் பண்ணிக்கிட்டோம்னு நேத்து கேட்டாங்க. என்ன செய்யறதுன்னு தெரியல.

நிதானம்:

சகோ, உங்க மனைவிக்கு நடக்கறது நிறையப் பேருக்கு நடக்குது, எனக்கும் நடந்துச்சு. உடம்பு வேகமா மாறும்போது ஹார்மோன் ஏறி இறங்கும். சாப்பாடு குறைஞ்சு போனதால தெம்பும் இல்ல. அதுக்கும் மேல, இத்தனை வருஷம் கோபம் வந்தாலும் சலிப்பு வந்தாலும் சாப்பாட்டுல போய் ஒதுங்கிக்கிட்ட ஒருத்தருக்கு அந்த இடமே இப்போ இல்ல. வயிறு பசிக்காது, மனசு பசிக்கும். அதைத் துக்கம்னே எடுத்துக்கோங்க.

நீங்க செய்யக்கூடியது: "சாப்பிட்டியா, குடிச்சியா"ன்னு காவல் காக்காம, கூட நடங்க. வீட்டுக்குள்ள நடந்தாலும் போதும். சமையலைக் கொஞ்ச நாளைக்கு அவங்க அறையில இருந்து தள்ளி வெச்சுக்கோங்க, மூடி போட்டு, ஜன்னலைத் திறந்து. வாசனை உறுத்தறது நாளடைவுல குறையும். இதை ஏன் பண்ணிக்கிட்டோம்னு அவங்க கேட்டா பதில் சொல்ல அவசரப்படாதீங்க. கேட்டுக்கிட்டு உட்காருங்க, அது போதும்.

பொழுதுபோக்குக்குன்னு ஒரு பையை நான் ஆபரேஷனுக்கு முன்னாடியே கட்டி வெச்சிருந்தேன். கை வேலையா இருக்கற பொருளா மட்டும் அதுல போட்டேன்: பின்னல் நூல், வண்ணப் பென்சில், கட்டம் நிரப்புற புத்தகம். டிவி மட்டும் பார்த்தா கை சும்மா இருக்கும், அப்போதான் பழைய நினைப்பு வரும். மழைக்கிளி, உன் பட்டியல்ல இதைச் சேர்த்துக்கோ.

சகோ, இன்னொண்ணு. அழுகை ரெண்டு வாரத்துக்கு மேல நீண்டாலோ, வாழவே பிடிக்கலைங்கற மாதிரி ஒரு வார்த்தை வந்தாலோ தள்ளிப் போடாதீங்க, அன்னிக்கே ஆஸ்பத்திரியில சொல்லுங்க. இந்த ஆபரேஷன் பண்ற இடங்கள்ல பெரும்பாலும் மனநல ஆலோசகரும் இருப்பாங்க.

துணைக்கு_ஒருவன்:

நன்றிங்க. சாயங்காலம் ரெண்டு பேரும் மாடிக்குப் போயி நடந்தோம். கொஞ்சம் பேசினாங்க.

மழைக்கிளி:

படிக்கப் படிக்க எனக்கே தைரியம் வருது. கடைசியா ரெண்டு கேள்வி. சாப்பாட்டை முன்கூட்டியே செஞ்சு வெக்க முடியுமா? அப்புறம், வீட்டுல அம்மா மட்டும்தான்னு சொன்னேனே, எனக்கு ஏதாவது ஆனா அவங்க எதைப் பார்த்துப் பயப்படணும், எதைப் பார்த்துப் பயப்படத் தேவையில்ல?

மெல்லநட:

முதல் கேள்விக்கு நான் சொல்றேன். முடியும், ஆனா குட்டிக் குட்டியா. தெளிவான சூப்பு செஞ்சு வடிகட்டி, ஐஸ் தட்டுல ஊத்தி உறைய வெச்சுக்கோ. ஒரு வேளைக்கு ரெண்டு, மூணு கட்டி எடுத்துச் சூடு பண்ணினா போதும். பெரிய டப்பாவுல வெச்சா ஒரு வேளைக்காக முழுசையும் உருக்கணும், மிச்சம் வீணாகும். மசிச்சுச் சாப்பிடற கட்டம் வரும்போதும் இதே தட்டு உதவும். தெளிஞ்ச திரவம், அப்புறம் கெட்டித் திரவம், மசியல், மென்மையான சாப்பாடுன்னு படிப்படியா ஏத்துவாங்க, எந்தப் படி எத்தனை நாள்ங்கிறது உன் டயட்டீஷியன் சொல்றதுதான். முந்திக்கிட்டுப் போகாதே. நாளைக்கு 60 கிராமாவது ப்ரோட்டீன் வேணும்னு சொல்வாங்க, அதை நோக்கிப் போகணும். முதல் நாள்லயே எட்டணும்னு இல்ல. அந்த நாள்கள்ல தண்ணிக்குத்தான் முதலிடம்.

கீழ் அலமாரியில இருக்கற பாத்திரம், மிக்ஸி எல்லாத்தையும் இடுப்பு உயரத்துக்கு இப்பவே ஏத்தி வெச்சுடு. சில வாரத்துக்குக் கனம் தூக்கக் கூடாதுன்னு சொல்லுவாங்க. தண்ணிக் குடமும் அதுல சேர்த்தி, துணி நிறைஞ்ச வாளியும் சேர்த்தி. அம்மாவும் தூக்க வேண்டாம், பக்கத்து வீட்டுல யாரையாவது இப்பவே கேட்டு வை.

உதட்டுக்குப் பூசற களிம்பும் நீளமான சார்ஜர் வயரும் ஆஸ்பத்திரிப் பையில முதல்ல போடு. உதடு வெடிச்சுப் போகும், பிளக் எப்பவும் எட்டாத இடத்துலதான் இருக்கும்.

இரவுப்பணி:

இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். அம்மாவையும் பக்கத்தில் உட்கார வைத்துப் படியுங்கள்.

பயப்பட வேண்டாதவை: தோள்பட்டையில் வந்து போகும் வலி, நடந்தால் குறையும் வலி. காயத்தைச் சுற்றி லேசான கன்றல். களைப்பு. முதல் சில நாள் மலம் போகாமல் இருப்பது. இரும்பு மாத்திரை எடுத்தால் மலம் கறுப்பாக வருவது, ஆனால் தார் போலப் பிசுபிசுத்து நாற்றமாக இருந்தால் அது வேறு, உடனே சொல்லுங்கள். மூன்றாம் மாதத்துக்குப் பிறகு முடி கொட்டினால் அதற்காகவும் நள்ளிரவில் பதற வேண்டாம், பெரும்பாலும் திரும்ப வளரும்.

உடனே கூப்பிட வேண்டியவை: சும்மா படுத்திருக்கும்போதே நாடி நிமிடத்துக்கு 120-ஐத் தாண்டி அப்படியே நிற்பது. காய்ச்சல், குளிர் நடுக்கம். குறைய வேண்டிய வயிற்று வலி நேரம் ஆக ஆகக் கூடுவது, அதோடு இடது தோளிலும் விடாத வலி. இவை உள்ளே இரைப்பையில் தையல் போட்ட இடத்தில் கசிவு இருப்பதைக் காட்டலாம், காத்திருந்து பார்க்கும் விஷயம் இல்லை. மூச்சு வாங்குவது, நெஞ்சு வலி, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சிவந்து வலிப்பது, இவை இரத்தக் கட்டியின் அறிகுறி. இத்தனை நடக்கச் சொல்வதும் இறுக்கமான காலுறை போடச் சொல்வதும் அதைத் தடுக்கத்தான். தண்ணீர்கூடத் தங்காமல் ஒரு நாளுக்கு மேல் வாந்தி எடுத்தால், சிறுநீர் அடர்ந்து மிகவும் குறைந்தால், அதுவும் அப்படியே. வாந்தி தொடர்ந்தால் பி1 வைட்டமின் வேகமாகத் தீர்ந்துபோய் நரம்பையும் மூளையையும் பாதிக்கும், அதனால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

வாங்க வேண்டியது ஒரு வெப்பமானியும் விரல் நுனியில் மாட்டி நாடி பார்க்கும் கருவியும். அம்மாவுக்கு இரண்டையும் இப்போதே பழக்கிவிடுங்கள். ஆபரேஷனுக்கு முந்தைய வாரம் உங்கள் நாடி சாதாரணமாக எவ்வளவு என்று தினமும் பார்த்து எழுதி வைத்தால், பிறகு ஒப்பிட எளிது.

மழைக்கிளி:

சிஸ்டர், அம்மா பக்கத்துலயே உட்கார்ந்து முழுசும் கேட்டாங்க. நம்மால ஒண்ணும் முடியாதேன்னு இத்தனை நாள் சொல்லிக்கிட்டே இருந்தாங்க. இப்போ காலையிலயும் ராத்திரியும் நாடி பார்த்து நோட்டுல எழுதற வேலை தன்னோடதுன்னு சொல்லிட்டாங்க. ராத்திரியில கூப்பிட வேண்டிய நம்பரை எந்த எழுத்துல எழுதினா கண்ணாடி இல்லாமலே தெரியும்னு கேக்கறாங்க.

இப்போ என் பட்டியல்: குட்டிக் கப்பு, ஃபிளாஸ்க், சரிவுத் தலையணை, அணைக்க ஒரு சின்னத் தலையணை, குளியலறை ஸ்டூல், தொளதொள உடை நாலு, வெந்நீர்ப் பை, மாத்திரைப் பெட்டி, வெப்பமானி, நாடிக் கருவி, ஐஸ் தட்டு, பின்னல் நூல். ப்ரோட்டீன் சின்னப் பாக்கெட்டா அஞ்சு விதம். சோஃபா, பெல்ட், புதுத் துணி, பெரிய டின் எல்லாம் போச்சு. ஸ்ட்ராவைச் சர்ஜன் கிட்ட கேட்டுட்டு வந்து இங்க எழுதறேன்.

இரவுப்பணி:

நம்பரைக் கறுப்பு மார்க்கரில் உள்ளங்கை அளவுக்கு ஒவ்வொரு எண்ணாக எழுதி, கட்டில் பக்கச் சுவரில் ஒன்றும் சமையலறையில் ஒன்றும் ஒட்டுங்கள். அம்மாவின் ஃபோனில் ஒரே பொத்தானை அழுத்தினால் போகும்படியும் வைத்துவிடுங்கள். எந்த ஆபரேஷன், எந்தத் தேதி, எந்த மருத்துவமனை என்ற மூன்றையும் அந்தத் தாளிலேயே எழுதுங்கள். ஃபோனை எடுப்பவர் முதலில் அதைத்தான் கேட்பார். சந்தேகம் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம் என அம்மாவிடம் சொல்லுங்கள். நடு இரவில் வரும் அழைப்புக்காகத்தான் நாங்கள் விழித்திருக்கிறோம்.